சொல் தவறாத படைக்குரு
(சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வும் பணியும்)

தமிழுக்கும் தமிழர்க்கும் தொண்டாற்றிய மேனாட்டார் என்று மேடைகளில் பெயர் அடுக்கும்போது வீரமாமுனிவர், எல்லிஸ், கால்டுவெல், போப் ஆகியோர் தவறாமல் இடம்பெறுவர். கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் பெரும்பாலும் விடுபட்டுப் போவார். காரணம் எளிது. அவர் காப்பியம் பாடியவர் அல்லர். ஒப்பிலக்கணம் எழுதியவர் அல்லர். திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அல்லர். கோட்டைக்குள்ளும் பாசறையிலும் கிடந்த படைவீரர்களுக்கு வேதம் ஓதிய ஒரு படைக்குரு. அவ்வளவே. ஆயினும் அவர் கையைப் பற்றிக்கொண்டு வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் தஞ்சையின் அரசரானார். மற்றொருவர் தமிழின் சிறந்த இசைக்கவிஞருள் ஒருவரானார். கவிஞர்கள் கூடி நடத்தும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவருக்குச் சில பக்கங்கள் ஒதுக்குவது பொருத்தமே.

வானம் பார்த்த பூமியான காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியினருக்குப் படைக்குரு என்ற சொல் புதிதாக இருக்கலாம். அந்த மனிதர் புதியவர் அல்லர். நம் ஊர்களிலிருந்து இராணுவத்துக்குச் சென்று திரும்பியோர் தம் படைப்பிரிவில் இருந்த பண்டிதரையோ, மௌல்வியையோ, பாதிரியாரையோ நினைவுகூர்வதுண்டு. இந்தியத் தரைப்படையில் இன்றும் சமய ஆசிரியர் என்ற பதவி உண்டு. அவர் வழிபாடு நடத்துவார். காயம்பட்டவன் அருகில் அமர்வார். இறந்தவனுக்குரிய சடங்கைச் செய்வார். உண்பது படையின் உப்பு. பதில் சொல்ல வேண்டியதோ படைத்தலைவனுக்கும் மேலான ஒருவனுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் தன் சொல்லைக் கறைபடாமல் காத்துக்கொள்ள இயலுமா என்பதே சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வு எழுப்பும் வினா.

சோனன்பர்க் முதல் தரங்கம்பாடி வரை

அன்றைய பிரஷ்ய நாட்டில் பிராண்டன்பர்க் பகுதியைச் சேர்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரில் 1726ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தாய் அவரைக் குழந்தைப் பருவத்திலேயே விட்டு மறைந்தார். மகனை இறைப்பணிக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் கண்மூடினார். இருபது வயதையொட்டி ஆலே நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சென்னையில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்ஸ் அப்போது அங்கே தமிழ் வேதாகமத்தை அச்சிட முனைந்திருந்தார். அச்சுப்பிழை திருத்தத் தமிழறிந்த இளைஞர் தேவைப்பட்டனர். அதற்காகத்தான் சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். அச்சுவேலை நின்றுபோயிற்று, கற்ற தமிழ் நின்றுவிட்டது. கப்பலேறுவதற்கு முன்பே தமிழ் எழுத்துக் கூட்டப் பயின்று வந்தவர் என்ற சிறப்பு அவருக்கு உண்டு.

1750 ஜூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நான்கே மாதங்களில், சீகன்பால்கு கட்டிய ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தும் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. தரங்கம்பாடிக் காலத்தில், 1760இல், இலங்கைக்கும் சென்று வந்தார். பிற்காலத்தில் போர்த்துகீசியம், ஆங்கிலம், பாரசீகம், மராத்தி ஆகியவற்றையும் தேவை வந்தபோதெல்லாம் கற்றுக்கொண்டார். பட்டத்துக்காக மொழி கற்றவர் அல்லர்; எதிரே நிற்பவனோடு இடையாளின்றிப் பேசவேண்டும் என்பதற்காகக் கற்றவர். துபாஷிகளின் நாக்கு ஆட்சி செய்த நூற்றாண்டில் இதுவே பெரிய அறம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருச்சிக் கோட்டையும் மதுரை முற்றுகையும்

1762இல் அவர் நடந்தே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சென்றார். திருச்சியில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் அவையும் ஆங்கிலக் கும்பினியின் பெரும்படையும் இருந்தன. அங்கிருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு வழிபாடு நடத்த ஒருவரும் இல்லை. கேட்பாரற்றுக் கிடந்த அவர்களுக்காகவே சுவார்ட்ஸ் ஆங்கிலம் கற்றார். தொடக்கத்தில் அச்சிட்ட ஆங்கிலப் பிரசங்கங்களைக் கையில் வைத்துப் படித்தார். பிறகு தாமே பேசத் தொடங்கினார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது ஆதரவிழந்த பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். கோட்டைத் தளபதி மேஜர் பிரெஸ்டன் அவருக்குத் துணை நின்றார்.

அக்காலத்தில் அவர் வாழ்ந்த நிலையை வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டில் போட்டால் ஆள் நிற்க மட்டும் இடமிருக்கும். நெடியவர் நிமிர்ந்து நிற்க முடியாது. உணவு, வேகவைத்த சோறும் கொஞ்சம் காய்கறியும். உடை, இந்நாட்டுத் தறியில் நெய்து கறுப்புச் சாயமேற்றிய பருத்தித் துணி. பொன்னும் பட்டுமாகக் கும்பினி அதிகாரிகள் சேர்த்துக் குவித்த நகரத்தில் அவர் இவ்வாறு இருந்தார்.

காரியாபட்டிக்கு வடக்கே 25 கிலோமீட்டர் அளவில் இருக்கும் மதுரை, 1763–64ஆம் ஆண்டுகளில் நவாபின் படையாலும் கும்பினிப் படையாலும் முற்றுகையிடப்பட்டது. கோட்டைக்குள் நின்றவர் கான்சாகிபு என்று நம் மக்கள் வழங்கும் யூசுப்கான், மருதநாயகம். அவரைப் பற்றி நம்மிடையே கதைப்பாடல் உண்டு. நம் நெஞ்சம் கோட்டைக்குள் இருப்பவரிடம்தான் செல்லும். சுவார்ட்ஸ் இருந்ததோ கோட்டைக்கு வெளியே, முற்றுகையிட்டோரின் பாசறையில். இதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவதில் பயனில்லை. 1764ஆம் ஆண்டுத் தாக்குதலில் பிரெஸ்டன் படுகாயமுற்று இறந்தார். காயம்பட்டோரிடையே சுவார்ட்ஸ் பணி செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் யூசுப்கான் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்கிலேற்றப்பட்டார். போர் முடிந்தபின் நவாப் அளித்த வெகுமதியைப் படைக்குரு தம் பையில் போட்டுக்கொள்ளவில்லை. திருச்சியின் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்தார். திருச்சி தெப்பக்குளத்துக்கு அருகே 1766இல் எழுந்த கிறிஸ்து ஆலயம் அவர் திரட்டிய நன்கொடையில் உருவானது. 1768இல் கும்பினி அவரைத் திருச்சிப் படையின் குருவாக முறைப்படி அமர்த்தி ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் வகுத்தது. அதில் பாதியைத் தம் சபைப் பணிக்கு ஒதுக்கினார்.

ஐதரிடம் சென்ற தூது

தஞ்சை மன்னர் துளஜாவின் அழைப்புக்கும் பல ஆண்டுப் பழக்கத்துக்கும் பின் 1778இல் அவர் தஞ்சையில் நிலைத்தார். மறு ஆண்டு சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்தார். மைசூரின் ஐதர் அலியிடம் மறைவாகத் தூது சென்று அவர் உள்ளக்கருத்தை அறிந்து, கும்பினி அமைதியையே நாடுகிறது என்று உறுதி சொல்லி வரவேண்டும். அமைதிக்காக எனில் செல்லலாம் என்று துணிந்தார் சுவார்ட்ஸ். வழிச்செலவுக்கு மேல் ஏதும் பெறுவதில்லை என்ற முடிவோடு ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார்.

கும்பினியாரின் எந்த வாக்கையும் நம்பாத ஐதர் இவரை மட்டும் நம்பினார். கம்பளத்தில் தம் அருகே அமரவைத்துப் பேசினார். ஆங்கிலேயர் தமக்கு இழைத்த வாக்குத் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். அவ்வாண்டு மார்ச்சில்தான் தம் பாதுகாப்பில் இருந்த மாகேயை ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தனர். குற்றச்சாட்டில் பொய்யில்லை என்பது கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. புறப்படும்போது ஐதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். சென்னை சென்றதும் சுவார்ட்ஸ் அத்தொகையை அரசிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு முதலாக்கினார்.

தூது வீணாயிற்று. ஐதரின் சொற்களைச் சென்னையில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1780 ஜூலையில் மைசூர்ப் படை கணவாய்களில் இறங்கிக் கர்நாடகச் சமவெளியை எரித்தது. 1781இல் ரம்போல்டைக் கும்பினியே பதவியிலிருந்து நீக்கியது. தூது சென்றவர் நேர்மையாளர்; அனுப்பியோர் அப்படியல்லர். நேர்மையாளனின் முகத்தைக் கடன் வாங்கி அரசியல் நடத்துவது அன்றும் இருந்தது. சுவார்ட்ஸின் வாழ்வில் மிகக் கசப்பான பக்கம் இதுவே. ஆனால் ஐதர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். போர் நடுவிலும் அந்தப் பாதிரியாருக்கு இடையூறு செய்யாமல் வழிவிடுமாறு தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். இரு படைகளுக்கும் நடுவில் அச்சமின்றி நடமாடிய மனிதர் அந்நாளில் அவர் ஒருவரே எனலாம்.

எண்பதாயிரம் கலம் நெல்

போரோடு பஞ்சமும் தஞ்சைக்கு வந்தது. காவிரி நாட்டிலேயே தெருவில் மக்கள் செத்து விழுந்தனர் என்றால், கரிசல் காட்டாராகிய நமக்கு அதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் படையும் பட்டினி. வெளியே உழவரிடம் நெல் இருந்தது. ஆனால் எவரும் கொண்டுவரவில்லை. முன்னர்க் கொண்டுவந்தோருக்கு விலை கொடுக்கப்படவில்லை. வண்டி மாடுகளும் பறிபோயின. அரசன் ஆணையிட்டான், கும்பினி வேண்டியது, ஒன்றும் நடக்கவில்லை. இறுதியில் அவ்விருவரும் சுவார்ட்ஸை நாடினர். விலைக்குத் தாம் பொறுப்பு என்று அவர் ஊர்தோறும் ஆள் அனுப்பினார். இரண்டொரு நாளில் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. உழவர்க்கு உரிய தொகையைக் கொடுத்து, கையில் இல்லாதபோது பிறர் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

போருக்குப் பின் அரண்மனை அதிகாரிகளின் வரிக்கொடுமை பொறுக்காமல் ஆயிரக்கணக்கான குடிகள் ஊரை விட்டு வெளியேறினர். வயல் தரிசாகக் கிடந்தது. திரும்பி வரும்படி அரசு அழைத்தது; எவரும் வரவில்லை. நீதி கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் வாக்களித்தபோது ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். பின்னர் வருவாய் நிருவாகக் குழுவில் அவரைச் சேர்க்க ஆளுநர் ஆர்ச்சிபால்டு கேம்பல் விரும்பியபோது, வன்முறையால் வரி தண்டும் எச்செயலிலும் தமக்குப் பங்கிருக்காது என்ற உறுதியின்பேரிலேயே அவர் இசைந்தார்.

இச்செய்திகள் நமக்கு எவ்வாறு கிடைத்தன என்பதும் கவனிக்கத்தக்கது. அவர் இவற்றைப் பெருமைக்காக எழுதி வைக்கவில்லை. 1793இல் இலண்டன் பாராளுமன்றத்தில் மாண்ட்கொமரி கேம்பல் என்பவர் சமயப் பணியாளரையும் அவர்தம் சபையாரையும் இழித்துப் பேசினார். சபையார்மீது விழுந்த பழியைத் துடைக்க மறு ஆண்டு அவர் எழுதிய விடைமடலில்தான் நெல்லும் குடிகளும் பேசப்படுகின்றன. பழி வராதிருந்தால் நமக்கு இதில் பாதிகூடத் தெரிந்திராது.

சரபோஜி

1787 ஜனவரியில் மன்னர் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். சொந்த மக்கள் இல்லை. போன்சலே குலத்துச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். பத்து வயதும் நிரம்பாத அச்சிறுவனே சரபோஜி. அவனையும் நாட்டையும் காக்கும்படி சுவார்ட்ஸை வேண்டினார் மன்னர். அந்நியனாகிய தாம் அரசுக் காவலை ஏற்பது தகாது என மறுத்து, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைக் காப்பாளராக வைக்கச் சொன்னார் சுவார்ட்ஸ். அறிவுரை நல்லெண்ணத்தில் பிறந்தது, விளைவு தீதாயிற்று. மன்னர் மறைந்த சில மாதங்களுக்குள் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூற, கும்பினி அமர்சிங்கையே அரியணையில் ஏற்றியது. சிறுவன் இருட்டறை போன்ற இடத்தில் அடைபட்டான்; அவன் கல்வி நின்றது.

இங்கிருந்துதான் முதியவரின் நெடும்போராட்டம் தொடங்குகிறது. சிறுவனின் பாதுகாப்புக்காக மீண்டும் மீண்டும் சென்னைக்கு எழுதினார். 1793 தொடக்கத்தில் சரபோஜியும் துளஜாவின் அரசியரும் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது உடன் சென்றார். தத்து முறையானது என்பதற்குச் சாத்திரச் சான்றுகளைத் திரட்டி ஆளுநர் நாயகம் சர் ஜான் ஷோர் வரை விளக்கம் அனுப்பினார். ஜெர்மனியில் பிறந்த லூத்தரன் குரு ஒருவர், மராத்திய இளவரசர் ஒருவருக்காக, இந்து தரும சாத்திரத்தின் தத்துவிதிகளை ஆங்கிலக் கும்பினியிடம் வாதாடினார். இதற்கு ஈடான காட்சி நம் வரலாற்றில் அரிது.

சரபோஜியை அவர் மதம் மாற்ற முயன்றிருந்தால், அச்சம் நிறைந்த அந்த இளம்பருவத்தில் அது கடினமாக இருந்திராது. சரபோஜி கடைசிவரை தம் முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்தார். வழக்கு வென்றது. ஆனால் சரபோஜி முடிசூடிய 1798 ஜூன் மாதத்தில் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையின் மூலம் கும்பினி நாட்டின் ஆட்சியை எடுத்துக்கொண்டு மன்னருக்குக் கோட்டையையும் ஓய்வூதியத்தையும் விட்டுவைத்தது. ஆட்சி இழந்த அம்மன்னர் சரசுவதி மகால் ஏடுகளைப் பெருக்கியதும், அச்சுக்கூடம் அமைத்ததும், பள்ளிகள் நடத்தியதும் நாம் அறிந்தவை.

தெற்கே கிடைத்த கவிஞர்

பாளையங்கோட்டையிலும் கும்பினிப் படை இருந்தது. 1778இல் அங்கே சென்ற சுவார்ட்ஸ், குளோரிந்தா என்று பின்னர்ப் பெயர்பெற்ற மராத்தியப் பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் அளித்தார். ஆங்கில அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் அவருக்கு அதனை மறுத்தவரும் சுவார்ட்ஸே. நெல்லைச் சபையின் தொடக்கம் அந்த அம்மையாரே. அவர் கட்டிய சிற்றாலயத்துக்காக 1785இல் மீண்டும் சென்றபோதுதான் நம் இலக்கியத்துக்கு ஒரு பேறு வாய்த்தது. தேவசகாயம் என்பவரின் மகனாகிய வேதநாயகம் என்னும் சிறுவனை அங்கே கண்டார். பெற்றோர் இசைவோடு தஞ்சைக்கு அழைத்து வந்தார். தம்மோடு வைத்துக் கற்பித்தார். தரங்கம்பாடிக்கு அனுப்பி மேலும் பயிற்றுவித்தார். அவரே பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாத்திரியார். 1774இல் பிறந்த வேதநாயகமும் 1777இல் பிறந்த சரபோஜியும் ஒரே ஆசானின் நிழலில் வளர்ந்தவர்கள். ஒருவர் மன்னரானதும் மற்றவர் அவர் ஆதரவு பெற்ற கவிராயரானார்.

குறவஞ்சி, கும்மி, நாடகம் என்று நாட்டுப்புறம் அறிந்த வடிவங்களையே கிறித்தவப் பொருளுக்கு ஏற்றவர் சாத்திரியார். அதைத் தடுக்காத, மேனாட்டுச் சந்தத்தைத் திணிக்காத சூழலில் அவர் வளர்ந்தது கவிதைக்கு நன்மை. ஆனால் சபைக்குள் சாதிவாரியாக அமரும் வழக்கத்தையும் அச்சூழல் தடுக்கவில்லை. சுவார்ட்ஸ் அதனை மெல்லத் தேயும் என்று பொறுத்தார், தேயவில்லை. பின்வந்த குருமார் அதை ஒழிக்க முனைந்தபோது சாத்திரியார் பழைய வழக்கின் பக்கம் நின்றார். கவிஞரைப் போற்றும் நாம் இதையும் அறிந்தே போற்றவேண்டும்.

1798 பிப்ரவரி 13ஆம் நாள் தம் எழுபத்தொன்றாம் வயதில் சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். பேழையை மூடுமுன் முகத்தைக் காணவேண்டும் என்று சரபோஜி சொல்லியனுப்பியதால் அடக்கம் தாமதமாயிற்று. இளவரசர் வந்தார், கண்ணீர் பெருக்கினார், பொன்னாடை போர்த்தினார், கல்லறை வரை நடந்தார். பிற்பாடு பிளாக்ஸ்மன் என்னும் புகழ்மிகு சிற்பியைக் கொண்டு இலண்டனில் செதுக்குவித்த பளிங்குச் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் குளக்கரை ஆலயத்தில் இருக்கிறது. படுக்கையில் முதியவர், அவர் கையைப் பற்றியபடி இளைய மன்னர். கல்லறை உள்ள புனித பேதுரு ஆலயத்தில், மன்னர் தாமே ஆங்கிலத்தில் யாத்த இரங்கற்பா கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கும்பினியும் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் ஒரு நினைவுச் சிற்பம் நிறுவிற்று.

நம் சீமையிலும் அவருக்கு ஒரு நினைவு உண்டு. 1785ஐ ஒட்டித் தஞ்சை ரெசிடெண்ட் ஜான் சல்லிவனோடு சேர்ந்து தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் அவர் ஆங்கிலப் பள்ளிகளைத் தொடங்கினார். திருச்சுழி அந்நாளில் சேதுபதியின் சீமையில் இருந்தது; சிவகங்கையோ மருதிருவர் கையில். 1787இல் கும்பினி இயக்குநர்கள் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் வழங்கினர். இராமநாதபுரத்தில் அவர் பெயர் தாங்கிய மேல்நிலைப் பள்ளி உள்ளது. இராமேசுவரத்திலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்த படகுக்காரர் மகன் ஒருவர் 2002இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் அப்துல் கலாம்.